வெள்ளையாய்த் தெரிந்ததெல்லாம் பூஞ்சணம் இல்லை

போன தை மாதம் எங்களில் ஒருத்தியின் மாமியுடைய பயிற்றைத் தோட்டத்தில் அழுக்கணவன் விழுந்தது. குருத்து, பூ, பிஞ்சு எல்லாம் கறுப்பாக அப்பிக்கிடந்தது. மாமி வழமைபோல மருந்தடிக்க ஆயத்தமானா. நாங்கள்தான் குறுக்கே போய், "ரெண்டு வரியை எங்களிட்ட விடுங்கோ மாமி" எண்டு கேட்டோம். பிவேரியா பாசியானா எண்ட பங்கசின் வித்தித்தூள் ஒரு பொதி கையில் இருந்தது. இயற்கை முறை எண்டு ஆரும் வாயெடுத்தாலே மாமிக்கு 2021 ஞாபகம் வந்துவிடும், உரத்துக்கும் மருந்துக்கும் ஒரேயடியாகத் தடை போட்ட வருசம். ஆனாலும் விட்டா.

அழுக்கணவனுக்கு ஏன் பங்கசு? அது ஊசி போன்ற வாயைச் செருகிச் சாற்றை உறிஞ்சுகிற பூச்சி. இலையோடு சேர்த்து விழுங்கினால்தான் வேலைசெய்யும் பற்றீரியா மருந்துகள் அதற்குச் சரிவராது. பங்கசு வாய்வழியாகப் போகத் தேவையில்லை. வித்தி தோலில் ஒட்டி முளைத்து, நொதியங்களால் தோலைத் துளைத்து உள்ளே போகும். பூச்சி செத்தபிறகு, ஈரப்பதன் இருந்தால், வெளியே வந்து வெள்ளைப் பஞ்சாகப் பூக்கும். 1835இல் அகொஸ்தினோ பாசி எண்ட இத்தாலியர் பட்டுப்புழு நோயொன்றுக்குக் காரணம் எண்டு காட்டியது இந்தப் பங்கசைத்தான். பெயரிலேயே அவர் இருக்கிறார்.

மூன்றாம் நாள் இலையெல்லாம் வெள்ளைப் பொட்டுகள். படம் எடுத்து குழுவில் போட்டு ஆரவாரப்பட்டோம். மாமி ஒரு இலையைப் பிடுங்கி வெயிலில் பிடிச்சா.

"உது அது கழட்டிப்போட்ட சட்டை, பிள்ளையள்."

உண்மைதான். வெறும் தோல். அழுக்கணவன் வளர வளரத் தோலுரிக்கும், துளைத்து முடிக்க முதல் உரித்துவிட்டால் ஒட்டிய வித்தியும் தோலோடு போய்விடும். அதைவிடப் பெரிய பிழை எங்களுடையது. காலை ஒன்பது மணி வெயிலில் அடித்திருந்தோம், வித்திக்கு அந்த வெயிலே நஞ்சு. முதல்நாள் பங்கசுநாசினி அடித்த தாங்கியைத்தான் ஒருதரம் அலசிவிட்டுப் பாவித்திருந்தோம். இதை எழுதவே வெட்கமாக இருக்கு.

திரும்ப அடித்தோம். பொழுதுபட்டபிறகு, இலையின் அடிப்பக்கம் நனைய. இரவில் நல்ல பனி. ஆறாம் நாள் பார்த்தால், தோல் இல்லை, முழு உடம்பு, அதைச் சுற்றி மெல்லிய வெள்ளைப் பஞ்சு. ஒரு இலையில் 11 எண்ணினோம்.

ஆனால் ஆறு நாள் எண்டது தோட்டக்காரருக்குச் சின்ன விசயம் இல்லை. அழுக்கணவனுக்கு ஆண் தேவையில்லை, முட்டையும் இடாமல் குட்டியாகவே போடும், அந்தக் குட்டிக்குள்ளேயே அடுத்த குட்டி உருவாகத் தொடங்கியிருக்கும். நாங்கள் காத்திருந்த நாட்களில் குருத்துகள் சுருண்டுபோச்சு. ஒரு வரிக்கு மாமி மருந்தடிச்சா. நாங்கள் தடுக்கேல்லை. சந்தைக்குக் காய் போகவேண்டியது அவவுக்கு, எங்களுக்கு இல்லை. மற்ற வரியில் பொறிவண்டுகளும் வந்து சேர்ந்திருந்ததால், "உது கிடக்கட்டும்" எண்டு விட்டா. அதில் பிந்தித்தான் காய்ச்சுது, கொஞ்சமாகத்தான்.

இப்ப மாமி வீட்டுக் கொட்டிலில் பழைய தாங்கி ஒண்டு தனியாகத் தொங்குது. பங்கசுநாசினிப் போத்தலை அதுக்குக் கிட்டவும் வைக்க விடுறா இல்லை.