ஆயா அறைக்கு வெளிச்சம் அடித்தோம்!

அடர் நிறச் சுவரில் அழுக்குத் தெரியாது. விருத்தாசலம் பக்கம் நல்லூரில், எங்கள் வீட்டு ஆயா அறைக்கு அப்பா கருநீலம் அடித்ததற்கு அதுதான் காரணம். அழுக்கு தெரியவில்லைதான். ஆனால், ஆயாவுக்கு நிலைப்படியும் தெரியவில்லை. இரண்டு முறை தடுக்கி விழப் பார்த்தார்.

வயதாக ஆக, கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும்; கண்மணியும் சுருங்கும். 20 வயதில் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில், 60 வயதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். அந்தக் கொஞ்சத்தையும் கருநீலம் விழுங்கிவிடும். வெளிர் நிறம் திருப்பித் தரும்.

“நேரா கிரீம் அடிச்சா, நீலம் எட்டிப் பார்க்கும்” என்றார் பெயின்டர் அண்ணன். உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, வெள்ளை பிரைமர் ஒரு கோட். காய்ந்த பிறகு கிரீம் இரண்டு கோட். அடி நிறத்தை மறைப்பது, பெயின்ட்டில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெண்பொடி. அதற்கான கனிமம் நம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் கிடைக்கிறது.

கதவையும் நிலையையும் மட்டும் அடர் பழுப்பாகவே விட்டோம். சுவிட்ச் போர்டைச் சுற்றி ஒரு நீலப் பட்டை. எல்லாமே வெளிறினால், மங்கிய கண்ணுக்கு வாசல் எது, சுவர் எது என்று பிரியாது.

சுவரில் இப்போது கைரேகை பளிச்சென்று தெரிகிறது. அப்பா முணுமுணுத்துக்கொண்டே துடைக்கிறார். ஆயாவோ, லைட் போடாமலே அரிசியில் கல் பொறுக்குகிறார்.

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா? ஷேட் கார்டை முதலில் பெரியவர்கள் கையில் கொடுங்கள்.