சூட்டில் சாகிற காயில்

1741-ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்ம மகாராஜாவின் சேனை டச்சுக்காரரை முறியடித்த ஸ்தலம் என்று சரித்திரப் புத்தகங்கள் கொண்டாடும் குளச்சலுக்கு நான் போனது, அந்த வெற்றியின் ஞாபகமாக நிற்கும் தூணைத் தரிசிப்பதற்காக அன்று. கடற்கரைக்குச் சமீபத்தில், ஓலைச் சார்ப்பு ஒன்றின் கீழே, வள்ளங்களின் பின்புறத்தில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்களைப் பழுது பார்த்து ஜீவனம் நடத்தும் ஒரு முதியவரின் அருகில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பதற்காக. கட்டுமரமும் பாயும் துடுப்புமாக இருந்த இந்தக் கரைக்கு 1980-களில் எஞ்சின் பரவலாக வந்தபோது, கடல் வேலையை விட்டு ஸ்பானரைக் கையில் எடுத்தவர் அவர்.

நான் போன வேளையில் ஒரு வள்ளக்காரர் தம் எஞ்சினைத் தோளில் சுமந்துவந்து மரச்சட்டத்தில் மாட்டினார். "கரையில ஒரே இழுப்புல எடுக்குது அண்ணே. கடலுக்குள்ள அரை மணி நேரம் ஓடினதும் செத்துப் போகுது. கொஞ்சம் ஆறினா மறுபடி எடுக்குது" என்றார். பிளக் இரண்டையும் மாற்றியாயிற்று, கார்ப்பரேட்டரைக் கழுவியாயிற்று, வேறொரு கடையில், விலையுயர்ந்த சி.டி.ஐ. பெட்டியையே மாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

முதியவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "துடிச்சுத் துடிச்சு நின்னுச்சா, பட்டுன்னு நின்னுச்சா?" பட்டென்றுதான் நின்றது என்று பதில் வந்தது. அந்தப் பதிலிலிருந்து அவர் செய்த அநுமானம் எந்தத் தர்க்க சாஸ்திரிக்கும் பெருமை தரக்கூடியது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் இந்த எஞ்சினில், எண்ணெய் தடைப்பட்டிருந்தால் அது திணறித் திணறியே நின்றிருக்கும். ஆகையால் குறை கரண்டில். இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிப் பிளக்கும், தனித்தனி இக்னிஷன் காயிலும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று கெட்டால் எஞ்சின் ஒற்றைக் காலில் நொண்டுமே அன்றி ஒரேயடியாகச் சாயாது. ஆகையால் இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் குற்றவாளி. பொதுவானவை மூன்று: நிறுத்தும் ஸ்விட்ச், காந்தச் சக்கரத்தின் அடியிலிருந்து கரண்ட் தரும் சார்ஜ் காயில், அந்தக் கரண்டைச் சேமித்து உரிய க்ஷணத்தில் விடும் சி.டி.ஐ. பெட்டி. இவற்றுள் விலை மலிந்ததை முதலில் சந்தேகிப்பது அவர் வழக்கம். விலை கூடியதை முதலில் சந்தேகிக்கும் வைத்தியர்களையும் நான் அறிவேன்.

(இந்தப் பெட்டி வருவதற்கு முந்திய எஞ்சின்களில் பாயிண்டும் கண்டன்சரும் இருந்தன, அந்த ஜாதி எஞ்சின் ஒன்று மூலையில் கிடந்தது. பாயிண்டின் முகத்தில் கருமை படிந்தால் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, தூள் தங்காமல் துடைத்துவிடுவார்களாம். உப்புக் காற்று செய்த கெடுதலை உப்புத்தாளால் போக்குவது எனக்கு மிகவும் ரசமாக இருந்தது.)

உப்பு ஏறிய ஸ்விட்ச் தானாகவே கரண்டை எர்த்துக்கு இறக்கி எஞ்சினை நிறுத்திவிடுவதுண்டு. ஆகையால் அவர் அதன் வயரைப் பிடுங்கி ஓரமாக ஒதுக்கினார். பிறகு தண்ணீர் நிறைந்த பெரிய டிரம்முக்குள் எஞ்சினின் அடிப்பாகத்தை இறக்கி, கயிற்றை இழுத்தார். புகையும் இரைச்சலுமாக அது ஓடிற்று. நாங்கள் தேநீர் குடித்தோம். வள்ளக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பத்திரண்டாவது நிமிஷத்தில் பட்டென்று நின்றது. ஸ்விட்ச் நிரபராதி.

அதன் பிறகு முதியவரிடம் தோன்றிய வேகத்தை அவருடைய வயசுக்கு நான் எதிர்பார்க்கவில்லை. சூடு ஆறுவதற்குள் பார்த்தாக வேண்டும் என்று, மூடியைத் திறந்து, சார்ஜ் காயிலிலிருந்து வரும் வயரைப் பெட்டியிலிருந்து பிரித்து, பழைய முள் மீட்டரின் இரு கம்பிகளையும் அதில் வைத்தார். முள் அசையவில்லை. வைத்த கை வைத்தபடியே அவர் குந்தியிருந்தார். நேரம் செல்லச் செல்ல, பக்கத்திலிருந்த பையனின் கண்கள் விரியும்படி, முள் ஒருமுறை துள்ளி விழுந்தது. இன்னும் சற்றுப் பொறுத்து எழுந்து, தன் இடத்தில் நின்றது. தலைமயிர் போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய அந்தக் காயிலுக்குள் எங்கோ ஓரிடம் அற்றிருக்கிறது. குளிர்ச்சியில் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன, சூட்டில் விரிந்து பிரிந்துவிடுகின்றன. காந்தம் சுழன்றால் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் பாரடே கண்ட உண்மைக்கு, கம்பி அறாமல் இருக்கவேண்டும் என்ற சாதாரண நிபந்தனை ஒன்று இருப்பதை அன்று பிரத்தியக்ஷமாகக் கண்டேன்.

புல்லர் போட்டுக் காந்தச் சக்கரத்தை எடுத்து, அதே இனத்துப் பழைய எஞ்சின் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த காயிலை மாட்டி, மறுபடியும் டிரம்மில் ஓட்டினார்கள். முப்பத்திரண்டாவது நிமிஷம் கடந்தது, நாற்பதும் கடந்தது. வள்ளக்காரர் முகத்தில் சிரிப்பு வந்தது. "போதும், நிப்பாட்டு மக்கா" என்றார் முதியவர். பையன் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். எஞ்சின் நிற்கவில்லை. மறுபடி அழுத்தினான், இரு கட்டைவிரல்களாலும் அழுத்தினான். அது முன்னிலும் உற்சாகமாக ஓடிக்கொண்டிருந்தது.

"வயரைக் கொடுத்தியா லேய்?" என்று கேட்டுக்கொண்டே முதியவர் வந்து, சோக்கை இழுத்து அதன் மூச்சை அடைத்தார்.