ஐந்து கட்டையில் விடியும் இரவு

தமிழ் இசை நாடக மேடையின் பாட்டுமுறை கர்நாடக இசைப் பயிற்சியில் வேர்கொண்டதே எனினும், அதைக் கச்சேரிப் பாட்டின் நீர்த்த வடிவமாகக் கொள்வது பிழை; திறந்தவெளியில் விடியும்வரை சொல் சிதையாமல் பாடியாகவேண்டிய கட்டாயம், மூச்சையும் தொண்டையையும் கையாளும் முறையை அங்கு வேறாக வளர்த்திருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி முதலிய நாடகங்கள் மதுரை, புதுக்கோட்டை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற பெயரில் இன்றும் நடக்கின்றன. நடிகர்கள் தனித்தனியே ஒப்பந்தமாகி, ஒத்திகையின்றி அன்றிரவு மேடையில்தான் ஒன்றுசேர்வதால், பாடுவோரின் சாதகமும் ஆர்மோனியப் பின்பாட்டுக்காரரின் செவியுமே நாடகத்தைத் தாங்குகின்றன.

முதற்சிக்கல் சுருதி. ஆர்மோனியக் கட்டைகளின் எண்ணால் சுருதியைக் குறிக்கும் வழக்கில், பெண்கள் பெரும்பாலும் ஐந்து கட்டையை ஒட்டியும் ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டியும் பாடுவது கச்சேரி இயல்பு. வள்ளி திருமணத்தில் நாரதரும் வள்ளியும் தர்க்கப் பாடல்களில் எதிரெதிர் நின்று ஒரே சுருதியில் பாட நேர்ந்தால், பெண்ணுக்கு எளிதில் எட்டும் மேல் சட்சம் ஆணுக்கு உச்சமாகிவிடுகிறது. அவ்வுச்சத்தைக் கள்ளக்குரலால், அதாவது தொண்டையை ஒடுக்கி மெலிவித்த போலிக் குரலால் அன்றி, முழுச் சாரீரத்தோடு தொடுவதே ராஜபார்ட் எனப்படும் தலைமை ஆண்வேட நடிகருக்கு அழகு. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் இதன் உச்சமாக விளங்கியவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933). இசைத்தட்டில் எஞ்சியுள்ள அவரது ‘எவரனி’ கீர்த்தனையில், சுரங்களை நொடிப்பொழுதில் உருட்டும் பிருகாக்கள் உச்சத்திலும் ஒன்றோடொன்று குழையாமல் தனித்தனியே கேட்கின்றன. அவரோடு நடித்து, பின்னர் அவரை மணந்த கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளின் குரலிலும் இதே திறந்த தொண்டை உண்டு.

இந்நுட்பத்தை அருகிருந்து கவனிக்க ஏற்ற இடம் விருத்தம்; தாளக்கட்டின்றி, இராகத்தை விரித்தபடி பாடப்படும் செய்யுள் அது. கச்சேரிப் பாடகர் சொல்லின் நடுவிலும் கமகத்தை, அதாவது சுரத்தின் அசைவை, விரிக்கத் தயங்குவதில்லை; வள்ளியாக நடிப்பவரோ சீரின் எல்லையில் மட்டுமே மூச்சு வாங்கி, மெய்யெழுத்துகளை அழுத்தமாக உச்சரித்து, அடியின் இறுதி உயிரெழுத்து வந்த பிறகே இராகத்தை அவிழ்த்துவிடுகிறார். உச்சத்தை நெருங்குகையில் ஒலிவாங்கியிலிருந்து ஓரடி பின்வாங்கி முகத்தைச் சற்றே திருப்பிக்கொள்வதும், கீழ்ச்சுரத்துக்கு மீண்டும் நெருங்குவதும் பாட்டின் பகுதியாகவே ஆகிவிட்டன. ஒலிவாங்கி வந்தபின் குரலைத் தாழ்த்திக்கொள்ளக் கச்சேரி மேடைக்கு வாய்ப்புக் கிடைத்தது; டோலக்கும், ‘ஆல்ரவுண்டு’ எனப்படும் தாளக்கருவித் தொகுப்பும் முழங்கும் நாடக மேடைக்கு அச்சலுகை அரிதாகவே கிட்டியது. இத்தகைய உழைப்பை இசை விமர்சனம் போதிய அளவு பொருட்படுத்தாதது பெருங்குறை.

1918இல் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா போன்ற குழுக்களில், சிறுவர்கள் உண்டு உறங்கிய இடத்திலேயே பாட்டும் பாடமும் கற்றனர். அக்குழுக்கள் மறைந்தபின் கற்பிக்கும் பொறுப்பில் பெரும்பங்கு மூத்த நடிகர்களிடமும் பின்பாட்டுக்காரர்களிடமும் வந்து சேர்ந்தது. சுருதியைப் பிடித்துத் தருவது முதல், எந்தச் சீரில் மூச்சை நிறுத்துவது என்பது வரை இளையோர் கற்பது அவர்களிடமிருந்தே.