அறுந்து போன அந்த வயர்!

ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14-க்குள்ள ஒருநாள் காசிமேடு பக்கம் வந்து பாருங்க. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் வரிசையா கட்டிக் கிடக்கும். ஏலச் சத்தம் குறைஞ்சு, சுத்தியல் சத்தம் கேட்கும். பெயின்ட், மரவேலை, இன்ஜின் சர்வீஸ்னு எங்க ஏரியா பசங்களுக்கு அதுதான் சம்மர் வேலை!

பாலிடெக்னிக்ல ரெண்டாம் வருஷம் மெக்கானிக்கல் முடிச்ச லீவு. நைனா ஓட்டுற படகோட ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினை கிரேன் வெச்சுக் கரையில இறக்கியாச்சு. முக்கால் டன் தேறும். பட்டறைக்குக் கொண்டு போகணும். மெக்கானிக் அண்ணா, பின்பக்கம் விஞ்ச் மாட்டின வேனையும் டிரெய்லரையும் கொண்டு வந்தார்.

விஞ்ச் எங்களுக்குப் புதுசில்லீங்க. இழுவை வலையைக் கடல்லேர்ந்து இழுக்கிறதே அதுதானே! ஆனா, அண்ணா அவசரப்படலை. சக்கரத்துக்குக் கல் வெச்சார். பலகையைச் சாய்ச்சுப் போட்டார். இன்ஜின் உட்கார்ந்த இரும்புச் சட்டத்துக்கு அடியில உருளைப் பைப்பு. சட்டத்துல கப்பியை மாட்டி, கம்பியோட முனையை டிரெய்லர் முன்பக்கமே திருப்பிக் கட்டினார்.

''ரெண்டு டன் இழுக்கும்னு எழுதியிருக்கேண்ணா, அப்புறம் எதுக்கு கப்பி?''

''அது டிரம்முல அடிச் சுத்துக்குத்தான் தம்பி. மேல மேல சுத்து ஏறினா இழுவை குறையும். அதுக்குன்னு மொத்தத்தையும் உருவிடக் கூடாது. அஞ்சு சுத்தாவது நிக்கணும், இல்லேன்னா முனையே பிடுங்கிக்கும். கப்பி போட்டா பாதி பலம் போதும். என்ன, பாதி வேகத்துலதான் வரும். நமக்கு இன்னா அவசரம்?''

சுத்தோட ஆரம் கூடினா இழுவிசை குறையும்... பரீட்சையில எழுதி மார்க் வாங்கினவன்தான் நான். கண்ணால பார்த்தது அன்னிக்குத்தான்!

கம்பி மேல ஈரச் சாக்கைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ஸ்விட்சைத் தட்டினார். பாதி ஏறினப்போ ஒரு பைப்பு கோணிக்கிச்சு. நான் ஹீரோ மாதிரி கம்பியைத் தாண்டி உள்ள போனேன்.

''டேய்! வெளியே வாடா!''

நைனா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஓரமா போய் நின்னேன். அண்ணா கம்பியைத் தளர்த்தி, நீளக் கழியால பைப்பை நேராக்கினார். மறுபடி இழுத்தார்.

'டப்'னு ஒரு சத்தம். கப்பியைச் சட்டத்தோட கட்டியிருந்த வயர் அறுந்து, கப்பி பறந்து போய் வேனோட பின்கதவுல மோதுச்சு. இன்ஜின் சறுக்கித் தரையில உட்கார்ந்துச்சு. ஒரு நிமிஷம் முன்னாடி நான் நின்ன இடம் அது.

இதுவரை யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு இருக்கு. அந்த வயரைத் தேடி எடுத்துக் கொடுத்ததே நான்தான். நாலஞ்சு இழை பிய்ஞ்சிருந்ததைப் பார்த்தேன். 'ஒரு தடவை தாங்காதா'னு விட்டுட்டேன்.

நைனாகிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லலை. அவர் இதைப் படிச்சா படிக்கட்டும். நீங்க எங்கேயாவது பிய்ஞ்ச வயரைப் பார்த்தா மட்டும், அப்பவே வாயைத் திறந்து சொல்லிடுங்க ப்ளீஸ்!