தர்சோ ரொட்டிக்காரருக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய ராபர்ட் டிக் ஐயா அவர்களுக்கு,

யாராவது புகழ்ந்து எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். 1866-இல் மறைந்தவர் எழுந்து வந்தா தடுக்கப் போகிறார் என்ற துணிச்சலில்தான் எழுதுகிறேன்.

பதின்மூன்று வயதில், பிறந்த ஊரான டல்லிபாடியில் ஒரு ரொட்டிக்காரரிடம் தொழில் பழகச் சேர்ந்தீர்கள். மூன்றரை ஆண்டுகள் கூலி இல்லை. அக்கம்பக்கத்து ஊர்களுக்கு ரொட்டிக் கூடை சுமந்து போன பாதைகளில்தான் செடிகள் உங்கள் கண்ணில் படத் தொடங்கின. 1830-இல் ஸ்காட்லாந்தின் வடகோடிக் கடற்கரையில் இருக்கும் தர்சோவுக்கு வந்து கடை போட்டபோது உங்களுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை.

விடியுமுன் எழுந்து மாவு பிசைந்து, ரொட்டியும் பிஸ்கட்டும் சுட்டு இறக்குவீர்கள். பிறகு கடையை வேலைக்காரப் பெண்மணி அன்னி மெக்கேயிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள். உயரத் தொப்பி, வால் வைத்த கோட்டு, பையில் சில பிஸ்கட்டுகள், தாகத்துக்கு ஓடைத் தண்ணீர். கெய்த்னஸ் வட்டாரத்தின் சதுப்புகளையும் கடலோரப் பாறைகளையும் இப்படி நடந்தே அளந்தீர்கள். உள்ளூரார் உங்களைக் கிறுக்கன் என்று சிரித்ததாகப் படித்தேன். எந்த ஊரில்தான் சிரிக்க மாட்டார்கள்!

உங்கள் புல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். காய்ந்தால் இனிமையாக மணக்கும் புல் அது. வட ஐரோப்பாவில் திருநாட்களில் தேவாலய வாசல்களில் பரப்பி வந்தார்கள் என்பதால் புனிதப் புல் என்றே பெயர். பிரிட்டனில் அது வளர்வதாக ஜார்ஜ் டான் என்ற தாவரவியலாளர் முன்பே சொல்லியிருந்தார். வேறு யாருக்கும் அது அகப்படாததால், அவர் சொன்னதைச் சந்தேகித்துப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீங்களோ 1834-இல் தர்சோ ஆற்றங்கரையிலேயே அதைக் கண்டீர்கள். மே மாதத்தில் முந்திப் பூக்கும் புல்; கோடை முற்றியபின் வெளியூரிலிருந்து வருபவருக்கு எங்கே தெரியப்போகிறது? தினமும் அந்தக் கரையில் நடக்கிற ஆளுக்குத்தான் தெரியும். கண்டவர் ஊரைக் கூட்டினீர்களா? இல்லை. எடின்பரோ தாவரவியல் கழகத்துக்குச் செய்தி எட்டியது 1854-இல். இருபது ஆண்டுகள் அந்தப் புல் பூப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறீர்கள்! பொறாமையாகக்கூட இருக்கிறது.

பாறைகளிலிருந்து வெட்டியெடுத்த தொல்மீன்களின் படிவங்களையும் அப்படித்தான் அள்ளிக் கொடுத்தீர்கள். கல்தச்சராக இருந்து நிலவியல் எழுத்தாளரான ஹியூ மில்லருக்கு அவற்றைக் கட்டிக் கட்டி அனுப்பினீர்கள். அவற்றைப் பார்த்துத் தம் கருத்துகளில் சிலவற்றையே அவர் மாற்றிக்கொண்டார். புகழ்பெற்ற நிலவியலாளர் சர் ரோடரிக் மர்ச்சிசன் உங்களைத் தேடி வந்தபோது, மாவுப் பலகையில் மாவைக் குவித்து, கெய்த்னஸின் மேடு பள்ளங்களையும் பாறை அடுக்குகளையும் அவருக்குக் காட்டினீர்கள். 1858-இல் லீட்ஸ் நகரில் நடந்த அறிவியல் மாநாட்டில், இந்த ரொட்டிக்காரருக்குத் தன்னைவிடப் பத்து மடங்கு தாவரவியல் தெரியும் என்று அவர் சொன்னார்.

அந்தப் பேச்சால் கடையில் ஒரு ரொட்டிகூட அதிகம் விற்கவில்லை. போட்டிக் கடைகள் பெருகி, உங்கள் வியாபாரம் தேய்ந்துகொண்டே வந்தது. 1863-இல் உங்களுக்கு வரவேண்டிய மாவு கப்பல் விபத்தில் கடலோடு போயிற்று. 45 பவுண்டுக்கு மேல் நஷ்டம். கடனை அடைக்க, பல ஆண்டுகள் உளி பிடித்துச் சேர்த்த தொல்லுயிர்ப் படிவங்களை 46 பவுண்டுக்கு விற்றீர்கள். செடிகளை மட்டும் விற்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, டிசம்பர் 24 அன்று, ஐம்பத்தைந்து வயதில் கண்மூடினீர்கள். இறுதி ஊர்வலத்துக்கு ஊரே திரண்டது. கல்லறையில் நினைவுத்தூணும் எழுப்பினார்கள். திரண்டவர்களில் பாதிப் பேர் நாள்தோறும் உங்கள் கடையில் ரொட்டி வாங்கியிருந்தாலே நீங்கள் கடனாளி ஆகியிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மரியாதையாகச் சொல்லத் தெரியவில்லை, மன்னியுங்கள்.

1878-இல் சாமுவேல் ஸ்மைல்ஸ் உங்கள் வாழ்க்கையைப் புத்தகமாக்கினார். அவர் உங்கள் கடிதங்களைச் சேர்த்துத் தராவிட்டால் இதை நான் எழுதியிருக்க முடியாது. ஆனால் விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக உங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. முன்னேறுவதற்காக நீங்கள் எதையும் செய்யவில்லையே. பார்க்க ஆசை, பார்த்தீர்கள், கேட்டவருக்குக் கொடுத்தீர்கள். நான் நன்றி சொல்வது அதற்குத்தான்.

ஒரு செய்தி உங்களைச் சேரவேண்டியது. உங்கள் பெயர் தாங்கிய மைக்ரோபிராக்கியஸ் டிக்கி என்ற சிறு தொல்மீனை ஆராய்ந்த ஜான் லாங் குழுவினர், உடலுக்குள் கருவுறும் இனப்பெருக்கத்துக்கு முதுகெலும்பிகளில் அதுவரை தெரிந்த மிகப் பழைய சான்று அதுவே என்று 2014-இல் அறிவித்தார்கள். அதன் வயது ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகள். உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் மலையேறிய நாளெல்லாம் கடையில் நின்று, திரும்பி வரும்வரை காத்திருந்து, முப்பத்து மூன்று ஆண்டுகள் அந்த வீட்டை நடத்தியவர் அன்னி மெக்கே. எந்தப் புல்லுக்கும் மீனுக்கும் அவர் பெயர் இல்லை. இந்த நன்றியில் பாதி அவருக்கு உரியது, அவரிடம் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நடையை வியக்கும் ஒரு தமிழ் வாசகன்