நாலு ட்ரக்கும் ஒரு நிலக்கீழ் அறையும்

‘பீ தௌசண்ட்’ அல்பத்தை முதல்தரம் கேட்கிற ஆக்கள் தங்கட ஹெட்போன் பழுதாப் போச்சுது எண்டுதான் நினைப்பினம். முதல் பாட்டிலேயே ஒரு கிற்றார் இடைநடுவில் அறுந்துபோகும். ஹெட்போனில் பிழை இல்லை. ஒலிப்பதிவில் நடந்த பிழை அது. அதைத் திருத்தாமல் அப்படியே 1994இல் வெளியிட்டிருக்கிறார்கள். 20 பாட்டு, மொத்தம் 36 நிமிசம் சொச்சம். ஒரு பாட்டுக்குச் சராசரியாக ரெண்டு நிமிசம்கூட இல்லை.

செய்தவர்கள் ‘கைடட் பை வொய்சஸ்’ என்கிற அமெரிக்கக் குழு. ஒகையோ மாநிலத்தில் டேட்டன் எண்டொரு தொழிற்சாலை நகரம், அதுதான் அவர்களின் ஊர். பாட்டெழுதிப் பாடின ரொபேர்ட் பொலார்ட் அங்கே நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த வாத்தியார். பகலில் பள்ளிக்கூடம், மிச்ச நேரத்தில் கூட்டாளிமாரோடு கராஜிலும் வீட்டு நிலக்கீழ் அறையிலும் பாட்டு. 1983இல் தொடங்கின குழு பத்து வருசமாகப் பெரிதாக ஒருவருக்கும் தெரியாமலே இருந்தது. 1992இல் ‘ப்ரொபெல்லர்’ அல்பத்தை இதுதான் கடைசி எண்டு நினைத்துத்தான் போட்டார்கள். 500 பிரதிதான். அட்டை அச்சடிக்கக் காசில்லாமல் ஒவ்வொரு அட்டையையும் கையாலேயே செய்தார்கள். ரெண்டு வருசம் கழித்து வந்த ‘பீ தௌசண்ட்’தான் அவர்களை வெளியில் தெரியப்பண்ணியது. பொலார்டுக்கு அப்போது வயது 36. அதற்குப் பிறகுதான் வாத்தியார் வேலையை விட்டார்.

அவர்கள் பாவித்தது நாலு ட்ரக் கசெற் ரெக்கோடர். சாதாரணக் கசெற்றில் ஒரு பக்கத்துக்கு ரெண்டு ட்ரக், மற்றப் பக்கத்துக்கு ரெண்டு ட்ரக் இருக்கும். ராஸ்காம் நிறுவனம் 1979இல் கொண்டுவந்த போட்டாஸ்ரூடியோ அந்த நாலையும் ஒரே திசையில் ஓடவிட்டது. அதாவது ஒரு ட்ரக்கில் கிற்றார், ஒன்றில் ட்ரம்ஸ், ஒன்றில் குரல் எண்டு தனித்தனியாகப் பதியலாம். ஐந்தாவது வாத்தியம் வேணுமெண்டால்? முதல் மூன்றையும் சேர்த்து நாலாவதில் இறக்கிவிட்டு, வெறுமையான மூன்றிலும் திரும்பப் பதியவேணும். இறக்கினதைப் பிறகு பிரிக்கேலாது. ஒவ்வொருதரம் இறக்கும்போதும் ரேப்பின் இரைச்சலும் கூடும். அதனால் எது முக்கியம், எது இல்லாட்டிலும் பரவாயில்லை எண்டு பாட்டைச் செய்துகொண்டிருக்கும்போதே முடிவெடுக்க வேண்டியிருந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன் மாதிரிப் பெரிய ஆளே 1982இல் ‘நெப்ராஸ்கா’ அல்பத்தை இப்படியான பெட்டியில் வீட்டு அறையில்தான் பதிந்தார்.

எங்கட வீட்டில் பொப் எண்டால் இண்டைக்கும் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும்தான். இந்த அல்பத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ரெண்டு பாட்டுக் கேட்டுவிட்டு, “உது டைனமோவில கேட்டமாதிரி இருக்கு” எண்டா. 90களின் முன்பாதியில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைத்து சித்தப்பா பெடல் சுத்துவாராம், டைனமோ கரண்டில் ரேப் ரெக்கோடர் பாடுமாம். அவர் களைத்தால் பாட்டும் இழுபடுமாம். “இழுபட்டாலும் கேட்டனாங்கள்தானே” எண்டு சொல்லிவிட்டு அம்மா குசினிக்குப் போயிட்டா. டேட்டனில் பொலார்ட் ஆக்கள் பதிந்துகொண்டிருந்ததும் கிட்டத்தட்ட அதே வருசங்கள்தான்.

இதை நான் சும்மா ரசனைக்காக எழுதவில்லை. எங்கட கம்பஸ் கூட்டாளிமார் மூண்டு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கினம். கிற்றார், கீபோட், கஹோன். வரிகள் பாதி நான் எழுதினது. திருநெல்வேலியில் ஒருவனின் வீட்டுப் பின்னறையில் ரெண்டு வருசமாகப் பழகுகிறார்கள். இதுவரை ஒரு பாட்டும் வெளியில் வரவில்லை. கீபோட் வாசிக்கிறவனுக்கு விசா வந்துவிட்டது. வாற மாதம் பயணம். கிற்றார்காரன் இன்னும், “மச்சான், ஸ்ரூடியோவில செய்யாட்டி சிரிப்பாங்கள், காசு சேரட்டும்” எண்டே நிக்கிறான். காசு சேரும்போது ஆள் இருக்கமாட்டான் எண்டது அவனுக்கும் தெரியும்.

அவனுடைய பயத்தில் நியாயம் இருக்கு. எங்கட ஆக்கள் இந்தியப் படப்பாட்டின் சுத்தமான சத்தத்தைக் கேட்டுப் பழகினவை. கொஞ்சம் இரைந்தாலே “குவாலிற்றி காணாது” எண்டுவினம். இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேணும்: இரைச்சல் எண்டதாலேயே ஒரு பாட்டு நல்ல பாட்டாகிவிடாது. வீட்டில் பதிந்த எத்தனையோ அல்பங்களைப் பாதியில் நிப்பாட்டியிருக்கிறேன். ‘பீ தௌசண்ட்’ நிற்பது மெட்டுகளால். ஒன்றரை நிமிசப் பாட்டு முடிந்த பிறகும் அதன் மெட்டு வாயில் நிற்கும். பல வருசமாக எழுதிப் போட்டிருந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கி ஒட்டினது அந்த அல்பம்.

பிறகு அவர்களுக்கும் ஸ்ரூடியோ கிடைத்தது. 1999இல் வந்த ‘டூ த கொலாப்ஸ்’ அல்பத்தைத் தயாரித்தவர் ‘த கார்ஸ்’ குழுவின் ரிக் ஓகசெக். சத்தம் பளிச்செண்டு இருக்கு, மோசமான அல்பமும் இல்லை. ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது நிலக்கீழ் அறைக்குத்தான். அதில் ஆக்கள் ஒரே அறைக்குள் இருப்பது கேட்கிறது.

எங்களுக்கு நாலு ட்ரக் பெட்டிகூடத் தேவையில்லை. போனில் பாண்ட்லாப், லாப்டொப்பில் ஓடாசிற்றி, ரெண்டும் இலவசம். ஃபேனை நிப்பாட்டி, யன்னலைச் சாத்தி, மெத்தையைச் சுவரில் சாத்தி வைத்துப் போன சனிக்கிழமை ஐந்து பாட்டுப் பதிந்தார்கள். வேர்த்து ஊத்தினது. மூன்றாவது பாட்டில் பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டர் கேட்கும். கிற்றார்காரன் அதை மட்டுமாவது அழிக்கவேணும் எண்டு நிக்கிறான். கீபோட்காரன், “கிடக்கட்டும், அங்க போய்க் கேக்கேக்க எனக்கு அந்த மோட்டரும் வேணும்” எண்டான். அதற்கு மேல் ஒருவரும் கதைக்கவில்லை. பயணத்துக்கு முதல் வெளியிடுவதா எண்டு இன்னும் முடிவாகவில்லை. என்னுடைய வோட்டு வெளியிடத்தான்.

‘பீ தௌசண்ட்’ கேட்கப்போகிறவர்களுக்கு ஒன்று: முதல் மூன்று பாட்டோடு நிப்பாட்டாதேங்கோ. ஒரே இருப்பில் முழுதையும் கேளுங்கோ. கம்பஸில் இருந்து ரவுணுக்கு பஸ்ஸில் போய்த் திரும்பி வாற நேரம் காணும்.