வழக்கமான கவனிப்பு

புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகளுக்கான 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அவர்களில் ஒரு பெண்ணும், மருத்துவம் சாராத ஒரு சாதாரண ஆளும் இருந்தாக வேண்டும். தமிழ் படித்த நான் அப்படியொரு குழுவில் இருக்கிறேன். மருந்தின் வேதியியல் எனக்குத் தெரியாது. ஆய்வுத் திட்டத்தின் சொற்களைப் படிக்கத் தெரியும். அவற்றுள் என்னைத் தயங்க வைப்பது ‘வழக்கமான கவனிப்பு’. ஒப்பீட்டுக் குழுவில் இருப்பவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லும் தொடர் அது.

அதன் பொருளைத் திண்டுக்கல் ஆய்வு எனக்குக் கற்றுத்தந்தது. 2000இல் தொடங்கிய அந்த ஆய்வில், கருப்பைவாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுத்துத் தெரியும் இடத்தைப் பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் பார்த்துக் கண்டறிந்தார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். 57 ஊராட்சிகளில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு இந்தச் சோதனை. இன்னொரு 57 ஊராட்சிகளில் வழக்கமான கவனிப்பு. அதாவது, சோதனை இல்லை. மும்பைக் குடிசைப் பகுதிகளில் 1998இல் தொடங்கிய இதேபோன்ற ஆய்விலும் சுமார் 76,000 பெண்கள் சோதிக்கப்படாத குழுவில் இருந்தார்கள்.

பலன் மெய்யானது. கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்புகள் திண்டுக்கல்லில் 35 சதவீதமும் மும்பையில் 31 சதவீதமும் குறைந்தன. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தச் சோதனை கிடைக்கிறதென்றால், அதில் அந்தப் பெண்களுக்குப் பங்கு உண்டு.

ஆனால், பணக்கார நாடுகளில் பாப் ஸ்மியர் சோதனை பல பத்தாண்டுகளாக உயிர் காத்துவந்த காலம் அது. உஸ்மானாபாத்தில் நடந்ததையும் சேர்த்து, இம்மூன்று ஆய்வுகளிலும் சோதிக்கப்படாத குழுக்களில் குறைந்தது 254 பெண்கள் இந்நோயால் இறந்ததை அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா சுட்டிக்காட்டினார். ஆய்வை ஆதரித்தவர்களின் பதில்: அந்தப் பெண்களுக்கு எப்படியும் எந்தச் சோதனையும் கிடைத்திருக்காது, ஆய்வு அவர்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை.

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அதனாலேயே எனக்கு அச்சமாக இருக்கிறது. ஒருத்தியின் இல்லாமையைப் பூஜ்ஜியமாக வைத்துக் கணக்கைத் தொடங்கினால், அவளுக்கு இழக்க எதுவும் மிஞ்சாது. எவ்வளவு ஏழையோ, காகிதத்தில் அவ்வளவு குறைவாக ஆபத்து தெரியும். அவளை வைத்து ஆய்வு செய்ய அனுமதி தருவதும் அவ்வளவு சுலபமாகும்.

எங்கள் குழுவுக்கு வந்த ஒரு திட்டத்தின் ஒப்புதல் படிவத்திலும் அதே தொடர் இருந்தது. ‘உங்களுக்கு இந்தச் சோதனை செய்யப்படாது, வேறு இடத்தில் செய்துகொள்ளலாம்’ என்று எழுதச் சொன்னேன்.

“அப்படி எழுதினால் யாரும் சேர மாட்டாங்க மேடம்” என்றார் ஆய்வாளர்.

“சேர மாட்டாங்கன்னா, அதுதான் சார் அவங்க போட்ட கணக்கு” என்றேன்.

திருத்திய படிவம் வரும்வரை அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது.